கையுறை, சிறிய அளவு

சங்கம் எங்கே தொடங்கியது என்று கேட்கிறீர்கள்.
ஓர் ஊசியில்.

ஸ்காபரோவில், ரயில் பாதைக்குப் பின்னால்,
ஆறு ஆஸ்பத்திரிகளின் அழுக்கு வந்து இறங்கும் லோண்டரி.
இரவு வேலை. நான்காம் பெல்ட்.
விரிப்பை உதறினால் எதுவும் விழும்:
ஒரு பல்செட், ஒரு மோதிரம்,
யாரோ எழுதி முடிக்காத பிறந்தநாள் அட்டை.
அன்றைக்கு விழவில்லை, ஏறியது,
கௌரிமலரின் பெருவிரலில்.

"பிளாஸ்டரை ஒட்டிப்போட்டு பெல்ட்டைப் பார்" என்றார்
மேற்பார்வையாளர் சபேசன்.
நம்மவர். கோயில் தேருக்கு வடம் வாங்கிக் கொடுத்தவர்.
எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான்,
அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.
ஜமேக்காக்காரி வின்சம்தான்
சிவப்புப் பொத்தானை அமத்தினாள்.
பதினொரு வருஷத்தில் அந்த இரைச்சல் நின்று நான் கேட்டதில்லை.
நின்ற பிறகுதான் தெரிந்தது,
இவ்வளவு காலமும் நாங்கள்
கத்தித்தான் கதைத்திருக்கிறோம் என்று.

பிறகு அட்டைகள் வந்தன.
உள்ளங்கை அளவு. பெயர், விலாசம், கையொப்பம், திகதி.
லூர்தெஸ் தன் சோற்றுப் பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள்;
எனக்குக் கிடைத்ததில் மீன் வாசம்.

பெயர் எழுதிக் கொடுப்பது என்றால் என்னவென்று
எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பாடசாலை மைதானம். வெயில். வரிசை.
சாக்கு மூடிய தலை ஒன்று
அண்ணனுக்கு முன்னால்
ஒருமுறை மேலும் கீழும் அசைந்தது.
இருபத்தாறு வருஷம்.
அந்த அட்டை ஒன்பது நாள்
என் குளிரங்கியின் உள்பையில் கிடந்தது.

பதுளைப் பக்கத்துத் தெய்வானைக்கு வேறு கணக்கு.
"எங்க தோட்டத்திலயும் சங்கம் இருந்திச்சு.
சம்பளத்துல சந்தா புடிச்சாங்க.
தலைவரு காரு வாங்கினாரு.
எங்க முதுகுல அதே கூடை."
சொல்லிக்கொண்டே பேனாவைக் கேட்டு வாங்கினாள்.
"இந்தத் தடவ காரு வாங்குனா நாந்தான் ஓட்டுவேன்."

பன்னிரண்டு. இருபத்தேழு. நாற்பத்து நான்கு.
கழிவறையில், பஸ் தரிப்பிடத்தில்,
கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் சாக்கில்.
ஒரு வெள்ளிக்கிழமை
வின்சத்தின் நேர அட்டையை அதன் இடத்தில் காணவில்லை.
பெயர்கள் மேலே போயிருந்தன.
கொண்டுபோனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்:
ரஞ்சினிதேவி. மூன்று பிள்ளை,
புருஷனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

நான் கையெழுத்து வைத்தது அன்றைக்குத்தான்.
துணிவு என்று எழுதிவிடாதீர்கள். கோபம்.
அதிலும் பாதி, வேறொரு நாட்டில் செலவழிக்க முடியாமல்
கையில் மிஞ்சியது.

வாக்கெடுப்பு நாளில் முதலாளி பீட்சா எடுப்பித்தார்.
சைவக்காரருக்குத் தனிப் பெட்டி.
தின்றோம்.
தடித்த காகித மட்டை மறைப்புக்குள்
நூலில் கட்டிய ஒரு பென்சில்.

அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு.
ஒருவரும் ஆரவாரிக்கவில்லை.
லூர்தெஸ் சிலுவை போட்டாள்.
கௌரிமலர் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்;
கடைசி இரத்தச் சோதனைக்கு அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஒப்பந்தத்துக்குப் பிறகும் பதினாறு மாதம் பிடித்தது.
வின்சம் திரும்பி வந்தாள், இன்னும் பெரிய குரலோடு.
கூலி நாற்பது சதம் ஏறியது,
அதே கிழமை பஸ் கட்டணமும் ஏறியது.
சபேசன் கோயிலில் என்னைக் கண்டால்
நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்.
ஆனால் ஊசி ஏறாத கையுறை வந்தது,
நீல நிறம், பெட்டி பெட்டியாக.

பங்கிட என்னை நிறுத்தினார்கள்.
பெரும்பாலும் நடு அளவு.
வரிசையின் கடைசியில் ரஞ்சினிதேவி,
தலை குனிந்தபடி.
அசைக்கவில்லை.

எனக்குப் பின்னால் யாரோ
"முடிஞ்சுது எண்டு சொல்லு" என்று முணுமுணுத்தார்கள்.
அவளுடைய கை சிறியது.
அத்தனை வருஷம் ஒரே விரிப்பின்
மறு நுனியைப் பிடித்தவள் நான், எனக்குத் தெரியும்.

பெட்டியைச் சரித்து
அடிவரை துழாவினேன்.